இலவசப் படுக்கை யாருடைய தர்மம்?
தில்லி மருத்துவமனை நிலத் தீர்ப்புகள் குறித்து ஒரு வாசிப்பு

1

நீதிமன்றத் தீர்ப்பும் ஒரு பிரதிதான். அதிலும் கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு, பேச வாய் கொடுக்கப்பட்டவர்கள் உண்டு, கடைசிவரை வாய் திறக்காமலே மொத்தக் கதையையும் சுமந்து நிற்பவர்களும் உண்டு. வக்கீல்கள் அதில் சட்ட விதியைத் தேடுவார்கள். நாம் தேட வேண்டியது வேறு. ‘ஏழை’ என்று எழுதப்படுகிற ஆள் அந்தப் பக்கங்களில் எங்கே நிற்கிறான், எங்கே நிற்கிறாள்? அந்த ஆளுக்காகப் பேசுகிறவர்கள் எந்த வார்த்தைகளில் பேசுகிறார்கள்? அந்த வார்த்தைகள் அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன?

இங்கே வாசிப்புக்கு எடுத்துக்கொள்வது மூன்று தீர்ப்புகள். 2007 மார்ச் 22 அன்றும் 2009 செப்டம்பர் 22 அன்றும் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னவை இரண்டு. 2018 ஜூலை 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஒன்று. அரசு நிலத்தைச் சலுகையில் வாங்கிக் கட்டப்பட்ட ஆஸ்பத்திரிகள் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்யக் கடமைப்பட்டவையா இல்லையா என்பதுதான் மூன்றிலும் வழக்கு. மூன்றிலும் ஏழைகள் ‘ஜெயித்தார்கள்’. ஜெயித்த தீர்ப்புகளை ஏன் கேள்வி கேட்க வேண்டும் என்று தோழர்கள் நினைக்கலாம். ஜெயித்த பிறகும் அந்தப் படுக்கை ஏன் நம்ம சனங்களுக்கு எட்டவில்லை என்பதற்கான பதில் இந்தத் தீர்ப்புகளின் மொழிக்குள்ளேயே இருக்கிறது என்பதால்தான் கேட்கிறோம்.

முதலில் நிலம். தில்லியில் அரசின் கையில் இருக்கிற நிலத்தில் ஒரு பெரும் பகுதிக்கு நசூல் நிலம் என்று பெயர். 1911இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று வெள்ளைக்காரன் அறிவித்தான். அதற்குப் பின் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து எடுத்த நிலமும் இதில் அடக்கம். 1937இல் தில்லி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், 1957 முதல் தில்லி வளர்ச்சி ஆணையம் என்று நிர்வாகம் கைமாறி வந்தது. 1981இல் இந்த நிலத்தை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்று விதிகள் எழுதினார்கள். பொது நிறுவனங்கள் என்ற பெயரில் வருகிறவர்களுக்குச் சந்தை விலை கிடையாது, சலுகை விலை. அதற்குப் பதிலாகச் சில நிபந்தனைகள். பதிவுபெற்ற சங்கமாக இருக்க வேண்டும். லாப நோக்கம் கூடாது. நோக்கம் தில்லி மக்களின் நலனுக்கு நேரடியாக உதவ வேண்டும். அரசின் ஏதாவதொரு துறை சிபாரிசு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி கட்ட வந்த சங்கங்கள், அறக்கட்டளைகள் பலவற்றின் ஒதுக்கீட்டுக் கடிதங்களில் இன்னொரு வரியும் சேர்ந்தது. இத்தனை சதவீதம் படுக்கை ஏழைகளுக்கு இலவசம், ஓ.பி.யில் இத்தனை சதவீதம் இலவசம் என்ற வரி.

அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இத்தனை வருட வழக்கு.

2

நிலம் வாங்கினார்கள், கட்டடம் எழும்பியது, பேர் எழும்பியது, கட்டணமும் எழும்பியது. அந்த வரி மட்டும் கோப்புக்குள் படுத்துவிட்டது. நிபந்தனை போட்ட அரசு அதைப் போய்ப் பார்க்கவே இல்லை. 2000இல் தில்லி அரசு நீதிபதி ஏ.எஸ். குரேஷி தலைமையில் ஒரு குழு போட்டது. 2002இல் சோஷியல் ஜூரிஸ்ட் என்ற வழக்கறிஞர் குழு பொதுநல வழக்குப் போட்டது. 2007இல் நீதிபதிகள் ஸ்வதந்தர் குமாரும் எச்.ஆர். மல்ஹோத்ராவும் தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்பின் பலத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. இருபது ஆஸ்பத்திரிகளும், அவற்றைப் போல நிலம் வாங்கிய மற்றவையும், உள்நோயாளிகளில் 10 சதவீதம் பேருக்கும் புறநோயாளிகளில் 25 சதவீதம் பேருக்கும் இலவச சிகிச்சை தர வேண்டும் என்று அது சொன்னது. இலவசம் என்றால் சேர்க்கை, படுக்கை, மருந்து, அறுவை, செவிலியர் பணி, பஞ்சு, ஊசி வரை எல்லாமே இலவசம் என்று பட்டியல் போட்டுச் சொன்னது. அரசு ஆஸ்பத்திரிகளிலிருந்து நோயாளிகளை அனுப்ப ஏற்பாடு, இலவசப் படுக்கையின் விவரத்தை வெளியே தெரியவைப்பது, கண்காணிப்புக் குழு ஆகியவற்றையும் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை காலம் நிபந்தனையை மீறி ஆஸ்பத்திரிகள் சம்பாதித்த ‘நியாயமற்ற லாபத்தை’க் கணக்குப் போட்டு வசூலிக்க வேண்டும் என்றது. 2011 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியதோடு இது உறுதியாயிற்று.

ஆனால் இதே தீர்ப்பில் சத்தமில்லாமல் நடந்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். பல ஆஸ்பத்திரிகளின் பத்திரங்களில் எழுதியிருந்தது 10 சதவீதம் அல்ல. 25 சதவீதப் படுக்கை என்று எழுதி நிலம் வாங்கியவர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு இருந்ததால் குழப்பம், எல்லோருக்கும் ஒரே அளவாக ஆக்கிவிடலாம் என்று குரேஷி குழு பரிந்துரைத்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரே அளவாக்கும்போது கூடுதல் அளவுக்குக் கொண்டுபோகலாம், குறைந்த அளவுக்கும் கொண்டுபோகலாம். கீழேதான் போயிற்று. நூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் 25 படுக்கை கடன் வைத்திருந்தவனிடம், ‘இனிமேல் பத்து கொடு போதும்’ என்று சொன்ன மாதிரி ஆயிற்று. எங்க ஊர்ல கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கடனைத் தள்ளுபடி செய்ய மாட்டான். தள்ளுபடி பண்ணினவர்கள் கடன்காரனைக் கேட்டார்கள், அரசைக் கேட்டார்கள். யாருக்குச் சேர வேண்டிய படுக்கையோ அவர்களைக் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர்களாக இல்லை.

வசூல் என்ன ஆயிற்று? 2016 ஜூனில் தில்லி அரசு ஐந்து ஆஸ்பத்திரிகளுக்கு நோட்டீஸ் விட்டது. சுமார் 600 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. உடனே வழக்கு. நமக்கு முக்கியம் அந்த எண். ஏழைக்குக் கொடுக்காத வைத்தியத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கணக்குப் போட முடியும் என்று ஒரு அரசாங்கமே ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

3

இனி ‘இலவசம்’ என்ற வார்த்தை. தில்லி அரசும் அப்பல்லோ குழுமமும் கூட்டாகச் சேர்ந்து கட்டிய இந்திரபிரஸ்தா அப்பல்லோ மருத்துவமனை 1996இல் திறந்தது. இது அறக்கட்டளை அல்ல, கம்பெனி. தில்லி அரசுக்கு 26 சதவீதப் பங்கு. 15 ஏக்கர் நிலம், குத்தகை அடையாளத்துக்கு ஒரு ரூபாய். பதிலுக்குப் படுக்கைகளில் மூன்றில் ஒரு பங்கும் ஓ.பி.யில் 40 சதவீதமும் ஏழைகளுக்கு இலவசம். 1997இல் அகில இந்திய வழக்கறிஞர் சங்கத்தின் தில்லிக் கிளை வழக்குப் போட்டது. தீர்ப்பு வர 2009 ஆனது.

பன்னிரண்டு வருடம் என்ன விவாதித்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். இலவசம் என்பதற்கு என்ன பொருள் என்று விவாதித்தார்கள். படுக்கை இலவசம், டாக்டர் பார்ப்பது இலவசம், மருந்துக்கும் ஊசிக்கும் மற்ற சாமான்களுக்கும் காசு கட்ட வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் வாதம். யோசித்துப் பாருங்கள். மாதம் முழுக்கக் கூலி வேலை செய்தாலும் ஒரு நாள் மருந்துக்குக் காணாத ஒருவரிடம், ‘மெத்தை ஃப்ரீ, படுத்துக்கோ, மருந்து மட்டும் வாங்கிட்டு வா’ என்று சொல்வது. கல்யாண வீட்டில் இலை போட்டு, சோறு வெளியே வாங்கிட்டு வா என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நீதிபதிகள் ஏ.பி. ஷாவும் மன்மோகனும் இந்த வாதத்தை ஏற்கவில்லை. மருந்தும் சாமான்களும் சேர்ந்ததுதான் இலவசம் என்றார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அங்கே கூட்டு ஆய்வு நடத்தச் சொன்னது. ஏழைகளுக்கு இலவச வைத்தியம் தரப்படவில்லை என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியை எய்ம்ஸிடம் ஒப்படைத்துவிடுவோம் என்று எச்சரித்தது. வழக்குப் போட்டு 28 வருடம் கழித்தும் நீதிமன்றம் ‘தெரிந்தால்’ என்றுதான் பேச வேண்டியிருக்கிறது. 1997இல் அந்த வாசலில் நின்ற ஒரு கர்ப்பிணிக்குப் பிறந்த பிள்ளைக்கு இப்போது வேறொரு பிள்ளை இருக்கும். நிபந்தனை இன்னும் விசாரணையில் இருக்கிறது.

அகராதிச் சண்டை எங்கே மூளுகிறது என்று பாருங்கள். ‘ஒரு ரூபாய்’ என்றால் என்ன பொருள் என்று யாரும் பன்னிரண்டு வருடம் வாதாடவில்லை. ‘பதினைந்து ஏக்கர்’ என்பதில் எல்லைக் கல் சேருமா, மண் சேருமா என்று யாரும் கேட்கவில்லை. பெற்றுக்கொண்ட பக்கத்தின் வார்த்தைகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. கொடுக்க வேண்டிய பக்கத்தின் வார்த்தைதான் திடீரென்று இருட்டாகிவிடுகிறது. பத்திரமொழியின் அரசியலே இதுதான்.

4

2018 தீர்ப்பு வேறொரு முடிச்சை அவிழ்த்தது. சில ஆஸ்பத்திரிகளின் பத்திரங்களில் இலவச சிகிச்சை என்ற வரியே இல்லை. லாகூரில் தொடங்கிப் பிரிவினைக்குப் பின் தில்லிக்கு வந்த மூல்சந்த் கைராத்தி ராம் அறக்கட்டளை அதில் ஒன்று. செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை, சீதாராம் பார்தியா நிறுவனம் ஆகியவையும் இந்த வரிசையில் வந்தன. 2012 பிப்ரவரி 2 அன்று அரசு ஓர் உத்தரவு போட்டு, இவர்களும் 10க்கும் 25க்கும் கட்டுப்பட வேண்டும் என்றது. பத்திரத்தில் இல்லாததைப் பிறகு எப்படிச் சேர்க்கலாம் என்று அவர்கள் உயர் நீதிமன்றம் போய் 2014இல் ஜெயித்தார்கள். 2018இல் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் யு.யு. லலித்தும் அதைப் புரட்டினார்கள். பொது நிலத்தைச் சலுகையில் வாங்கியவர்கள் மீது பொதுநலனுக்காக அரசு நிபந்தனை விதிக்கலாம், இது தொழில் செய்யும் உரிமையைப் பறிப்பதாகாது என்பது சாரம். மறுத்தால் குத்தகையை ரத்து செய்யலாம் என்ற அளவுக்குப் போனது.

முடிவு சரி. ஆனால் முடிவுக்குப் போகிற வழியில் தீர்ப்பு என்ன மொழி பேசுகிறது என்பதுதான் நம் கவலை. வைத்தியம் புனிதமான சேவை, அது வியாபாரமாகிவிட்டது, ஆஸ்பத்திரிகள் ஐந்து நட்சத்திர ஓட்டல்களாகிவிட்டன, ஏழைகள் பக்கம் மனம் இரங்க வேண்டும் என்ற பாணியில் பேச்சு ஓடுகிறது. 2007 தீர்ப்பில் ‘நியாயமற்ற லாபம்’ என்ற கணக்குப் பேச்சு இருந்தது. இங்கே இரக்கப் பேச்சு மேலே வருகிறது. தர்மம் செய்வதாகச் சொல்லித்தானே நிலம் வாங்கினாய், தர்மம் செய் என்று நீதிமன்றம் கேட்கிறது. நான் என் வழியில் தர்மம் செய்துகொண்டுதான் இருக்கிறேன், இத்தனை சதவீதம் செய் என்று நீ எப்படிச் சொல்வாய் என்று அறக்கட்டளை கேட்கிறது. இரு தரப்புக்கும் தகராறு தர்மத்தின் அளவு பற்றித்தான். அது தர்மம்தானா என்ற கேள்வி எழவே இல்லை.

நம்ம பக்கத்துக் கிழவிகள் பலர் சர்க்கார் ஆஸ்பத்திரியைத் தர்மாஸ்பத்திரி என்பார்கள். ‘தர்மாஸ்பத்திரிக்குப் போனேன், வெள்ளை மாத்திரை கொடுத்தான்’ என்பார்கள். அது யாருடைய தர்மம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கொடுத்த வரியில் அவர்கள் பங்கும் சேர்ந்து கட்டிய கட்டடம் அது. தன் காசில் கட்டிய இடத்துக்குள் போகும்போதே பிச்சை வாங்கப் போகிறவளாக அவளை வாசலில் குனியவைத்தது அந்த ஒரு வார்த்தை. ஜாதி இந்துச் சமூகத்தில் தர்மம் என்ற சொல்லுக்கு எப்போதும் இரண்டு முனை உண்டு. ஒரு முனை கொடுப்பவனுக்குப் புண்ணியம் சேர்க்கும். மறுமுனை வாங்குபவனுக்கு அவன் இடத்தைச் சொல்லிக் காட்டும். கொடுப்பவன் தன் இஷ்டத்துக்குக் கொடுப்பதால்தான் அதற்குத் தர்மம் என்று பெயர். கேட்டு வாங்க முடியாது, கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியாது.

அம்பேத்கர் இதை 1932இலேயே தெளிவாகப் பிடித்துவிட்டார். பூனா ஒப்பந்தத்துக்குப் பின் காந்தியின் தரப்பில் தொடங்கிய தீண்டாமை எதிர்ப்பு அமைப்பின் செயலாளர் தக்கருக்கு அந்த ஆண்டு நவம்பரில் ஒரு கடிதம் எழுதினார். தீண்டப்படாதவர்களின் தனிமனித நல்லொழுக்கத்தை வளர்க்கிற உதவிகளில் சக்தியைச் செலவழிக்காதீர்கள், பொதுக்கிணறு, பள்ளிக்கூடம், சாவடி என்று குடியுரிமைகளை நிலைநாட்டுகிற போராட்டத்தில் இறங்குங்கள் என்பது அதன் சாரம். அந்த அமைப்பு அந்த வழியில் போகவில்லை. ஹரிஜன சேவக சங்கமாகிச் சேவையே செய்துகொண்டிருந்தது. சேவைக்கும் உரிமைக்கும் இடையில் அம்பேத்கர் கிழித்த அந்தக் கோட்டைத் தில்லித் தீர்ப்புகளின் மேல் வைத்துப் பார்த்தால் அவை தடுமாறுகிற இடம் தெரிந்துவிடும்.

நாம் சொல்ல வேண்டியது இதுதான். இலவசப் படுக்கை தர்மமே அல்ல. அது வாடகை. பொது நிலத்தில் உட்கார்ந்திருப்பவன் கொடுக்க வேண்டிய வாடகை. சந்தை விலைக்கும் சலுகை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு பணமாக வாங்காமல் படுக்கையாக வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. ஆகவே அந்தப் படுக்கைக்கு ஏற்கெனவே விலை கொடுத்தாகிவிட்டது. கொடுத்தவர்கள் இந்த நாட்டு மக்கள். அந்தப் படுக்கையில் படுக்கிறவர் யாருடைய தயவிலும் படுக்கவில்லை. அந்தப் படுக்கையைக் கொடுக்காத ஆஸ்பத்திரி கருணை இல்லாத ஆஸ்பத்திரி என்று சொல்வது தப்பு. அது வாடகை பாக்கி வைத்திருக்கிற ஆஸ்பத்திரி. கருணை இல்லாதவனுக்கு உபதேசம் செய்வார்கள். வாடகை பாக்கிக்காரனைக் காலி பண்ணச் சொல்வார்கள்.

தர்மம் என்ற முகமூடி எவ்வளவு லேசில் கழன்றுவிடும் என்பதற்கு எஸ்கார்ட்ஸ் இதய மருத்துவமனையின் கதை ஒன்றே போதும். தில்லி ஓக்லாவில் டி.டி.ஏ. நிலத்தில் சங்கமாகப் பதிவான அமைப்பு கட்டியது அது. 2000இல் சண்டிகரில் இருந்த இன்னொரு சங்கத்தோடு சேர்ந்து, பிறகு கம்பெனியாக மாறியது. 2005இல் அந்தக் கம்பெனியின் பெரும் பங்கை 585 கோடிக்கு ஃபோர்ட்டிஸ் வாங்கியது. டி.டி.ஏ. குத்தகையை ரத்து செய்ய, விவகாரம் நீதிமன்றம் ஏறியது. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். சங்கமாக உள்ளே போனது கம்பெனியாக வெளியே வந்தது, கம்பெனி கைமாறியது, நோட்டுக்கட்டு கைமாறியது. இத்தனை மாற்றத்தில் எந்த இடத்திலாவது, அந்த நிலத்தின் மேல் ஏழைகளுக்கு ஒரு பாத்தியதை இருக்கிறது, அவர்களைக் கேட்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா?

5

அதே தில்லி, அதே பொது நிலம். இன்னொரு தீர்ப்பைப் பக்கத்தில் வைத்து வாசிப்போம். 2000 பிப்ரவரியில் அல்மித்ரா பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தில்லியின் குப்பையைப் பற்றிப் பேசியது. பேச்சு குப்பையிலிருந்து குடிசைக்குத் தாவியது. பொது நிலத்தில் குடிசை போட்டவனுக்கு மாற்று இடம் இலவசமாகக் கொடுப்பது பிக்பாக்கெட் அடித்தவனுக்குப் பரிசு கொடுப்பது மாதிரி என்று சொன்னது. 2004இல் யமுனைக் கரையின் புஷ்தா குடிசைகள் இடிக்கப்பட்டன. அந்தக் குடிசைகளில் இருந்தவர்கள் யார்? பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் பிழைக்க வந்த தலித்துகள், முஸ்லிம்கள், நிலமற்ற கூலிகள். ரிக்‌ஷா இழுத்தவர்கள், குப்பை பொறுக்கியவர்கள், இந்த ஊரின் கட்டடங்களுக்குக் கல் சுமந்தவர்கள்.

இரண்டு பிரதிகளையும் சேர்த்து வாசித்தால் ஒரு இலக்கணம் கிடைக்கிறது. ஏழை பொது நிலத்தில் கால் வைத்தால் திருடன். பணக்காரன் ஏழையின் பெயரைச் சொல்லிப் பொது நிலத்தில் கால் வைத்தால் தர்மவான். திருடன் உடனே வெளியேற வேண்டும். தர்மவான் நிபந்தனையை மீறினால் குழு, கணக்கு, நோட்டீஸ், மேல்முறையீடு. இருவருக்கும் ஒரே சொல்தான் இலவசம். ஒருவனுக்கு அது குற்றச்சாட்டு, மற்றவனுக்கு அது சொத்து.

நிபந்தனையோடு அரசு நிலம் கொடுப்பது என்றால் என்னவென்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்கீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமர்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதுவும் நிபந்தனையோடு வந்த நிலம்தான். பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் பஞ்சமர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது. மீறினால் அரசு எடுத்துக்கொள்ளலாம். சனங்க வாயில் அது கண்டிஷன் பட்டா. கண்டிஷன் இருந்தது. கண்டிஷனை மீறி அந்த நிலங்கள் ஊர்க்காரர்களிடமும் கம்பெனிகளிடமும் போய்ச் சேர்ந்தன. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கச் சொல்லிப் போராடியபோது, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள்.

தில்லி ஆஸ்பத்திரி நிலமும் பஞ்சமி நிலமும் ஒன்றல்ல. ஒன்று பணக்கார அமைப்புகளுக்குப் போனது, மற்றது நிலமற்றவர்களுக்குப் போனது. ஆனால் பத்திரத்தின் அமைப்பு ஒன்று. நிபந்தனை எழுதுகிறது அரசு. நிபந்தனையின் பலன் சேர வேண்டியது நம் போன்ற சனங்களுக்கு. நிபந்தனை மீறப்படுகிறபோது காவல் காக்க வேண்டிய கையும் அரசின் கைதான். அந்தக் கை இரண்டு இடத்திலும் பாக்கெட்டுக்குள் இருந்தது. நிபந்தனையை நிறைவேற்று என்று கேட்கத் தெருவுக்கு வந்தவர்கள் மேல் மட்டும் அது துப்பாக்கியோடு வெளியே வந்தது.

6

இங்கேதான் தீர்ப்புகளின் மௌனத்துக்கு வருகிறோம். குத்தகைப் பத்திரம் என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் எழுதுவது. தில்லிப் பத்திரங்களில் ஒரு கை அரசின் கை, இன்னொரு கை அறக்கட்டளையின் கை. ஏழை மூன்றாவது ஆள். அவர் பெயரைச் சொல்லி எழுதுகிறார்கள், ஆனால் கையெழுத்துப் போட அவரைக் கூப்பிடுவதில்லை. ஆகவே நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தின்படி நஷ்டப்பட்டவர் அரசு. திருப்பி அனுப்பப்பட்ட நோயாளி பத்திரத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வழக்குப் போட்டவர்கள் நல்லெண்ணம் கொண்ட வழக்கறிஞர்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் பிரதிக்குள் ஏழை என்பது ஒரு சதவீதமாக, ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு’ என்ற மூன்று எழுத்துச் சுருக்கமாகத்தான் இருக்கிறது. அதற்கு முகம் இல்லை, ஜாதி இல்லை. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கேட்கிற மேஜைக்கு முன்னால் யார் குரல் தயங்கும், யாரை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்துவான் என்ற கேள்விக்கு இந்தப் பக்கங்களில் இடமில்லை. இதே ஆஸ்பத்திரிகளில் கக்கூஸ் கழுவவும் ரத்தத் துணி அள்ளவும் காண்டிராக்டில் உள்ளே போகிறவர்கள் யார் என்ற கேள்விக்கும் இடமில்லை. வேலைக்காரர் வாசல் வழியாக நம்மவர்களுக்கு எப்போதுமே 100 சதவீத இடஒதுக்கீடுதான்.

நோயாளியே வழக்கின் உள்ளே வந்தால் மொழி மாறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1992இல் வங்கத்தில் ஒரு விவசாயக் கூலி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். கல்கத்தாவின் அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிப் பிழைத்தார். அவரும் அவருடைய விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றது, அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது. பேச்சு இரக்கத்திலிருந்து உரிமைக்கு நகர்ந்துவிட்டது. காரணம், அடிபட்டவர் மனுதாரராக நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்றது.

மகாராஷ்டிரம் இன்னொரு வழியைக் காட்டியது. அங்கே 1985இல் பொது அறக்கட்டளைச் சட்டத்திலேயே பிரிவு சேர்த்தார்கள். 2006இல் மும்பை உயர் நீதிமன்றம் வகுத்த திட்டத்தின்படி அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் 10 சதவீதப் படுக்கையை வறியவருக்கு இலவசமாகவும் 10 சதவீதத்தை நலிந்தவருக்குச் சலுகையிலும் தர வேண்டும், மொத்த வசூலில் 2 சதவீதத்தை வறிய நோயாளிகளுக்கான நிதியில் போட வேண்டும். பத்திரத்திலிருந்து சட்டத்துக்கு ஏறியது முன்னேற்றம்தான். ஆனால் அங்கேயும் தன் கணக்கைத் தானே எழுதுகிற கை ஆஸ்பத்திரியின் கையாகவே இருக்கிறது.

ஆகவே இந்தத் தீர்ப்புகளை விமர்சிப்பது அவற்றைத் தூக்கிப் போடுவதற்காக அல்ல. அவை பாதி சொல்லிவிட்டு நிறுத்திய வாக்கியத்தை நாம் முடிக்க வேண்டும். இலவசப் படுக்கை நிலத்தின் வாடகை என்று பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். காலியாகக் கிடந்த ஒவ்வொரு இலவசப் படுக்கையும் ஒவ்வொரு நாளும் வாடகை பாக்கியாக ஏற வேண்டும். அந்தப் பாக்கி ஊர் அறிய வெளியிடப்பட வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட நோயாளி தன் பெயரிலேயே வழக்குப் போடவும் நஷ்டஈடு வாங்கவும் உரிமை வேண்டும். கண்காணிக்கும் குழுவில் அதிகாரியும் ஆஸ்பத்திரிக்காரரும் மட்டும் உட்காராமல், சேரியிலிருந்தும் குடிசைப் பகுதியிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்திலிருந்தும் ஆட்கள் உட்கார வேண்டும். சங்கமாக நிலம் வாங்கியது கம்பெனியாக மாறினால் நிலம் அன்றைக்கே திரும்ப வேண்டும்.

இதற்குத் தில்லிவரை போக வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அறக்கட்டளை என்று போர்டு மாட்டியிருக்கிற ஆஸ்பத்திரி, கல்லூரி எதுவானாலும், அது நிற்கிற நிலம் யாருடையது, குத்தகையா, என்ன தொகை, என்ன நிபந்தனை, கடைசியாக யார் போய்ச் சோதித்தார்கள் என்று ஐந்து கேள்வி எழுதித் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மாணவர்கள் இதைச் செய்யலாம், பத்து ரூபாய்ச் செலவு. பத்திரத்தின் நகல் கைக்கு வந்தால் அதைத் தெருவில் உரக்க வாசியுங்கள். நம் பெயரைச் சொல்லி எழுதப்பட்ட வரி எங்கே இருக்கிறது, அதற்கு எத்தனை வருட பாக்கி இருக்கிறது என்று சனங்களுக்குத் தெரியட்டும். தெரிந்தபின் கேட்கிற மொழியை அவர்களே முடிவு செய்வார்கள். ‘அம்மா தர்மம்’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘பாக்கியை எடு’ என்று கேட்பார்கள்.